வீடு தப்பிச்சது, மாடு போச்சு: ஸ்மெயில்ஹோம் டவர், ஒரு கேஸ் ஸ்டடி

1544 ஜூலை ஆரம்பத்துல இருந்து நவம்பர் நடு வரைக்கும், அஞ்சு மாசம் கூட முழுசா ஆகல, இங்கிலாந்து படை ஸ்காட்லாந்து பார்டருக்குள்ள புகுந்து என்னென்ன பண்ணுச்சுன்னு அவங்களே ஒரு கணக்கு எழுதி வச்சிருக்காங்க. மளிகைக் கடை சிட்டை மாதிரி இருக்கும் அது. எரிச்சது இடிச்சது, ஊர் டவர் சர்ச் எல்லாம் சேத்து, 192. கொன்னது 403 பேர். புடிச்சுட்டு வந்தது 816 பேர். மாடு 10,386. செம்மறி 12,492. குதிரை 1,296. வெள்ளாடு 200. தானியம் 850 மூட்டை கணக்குல. வீட்டு சாமானை எல்லாம் எண்ணவே இல்ல, விட்டுட்டாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு கொலைக் கணக்கை விட மாட்டுக் கணக்குதான் உறுத்துச்சு. செத்த ஒரு ஆளுக்கு 25 மாட்டுக்கு மேல வருது. அப்போ வந்தவன் வந்தது எதுக்குன்னு தெரிஞ்சு போச்சுல்ல. ஆனா இதுல இன்னொரு கேள்வியும் இருக்கு. இதே பார்டர்லதான் மேட்டுக்கு மேடு, ஆத்து வளைவுக்கு வளைவு நல்ல தடிமனான சுவர் வச்ச கல் டவர் வீடுங்க நின்னுச்சு, அதுவும் இந்த மாதிரி ரெய்டுக்கு பயந்தே கட்டினது. அப்படி இருந்தும் பத்தாயிரம் மாடு எப்படி நடந்து போச்சு? அந்த டவருங்க என்னதான் வேலை பாத்துச்சு?

பொதுவா பேசினா இதுக்கு பதில் கிடைக்காது, அதனால ஒரே ஒரு டவரை எடுத்துக்குறேன். ஸ்மெயில்ஹோம்.

கெல்சோன்னு ஒரு டவுன், ட்வீட் நதிக்கரைல. அதுக்கு மேற்க கொஞ்ச தூரம் போனா புல்லு காடா இருக்கற மேட்டு நிலம், நடுவுல பாறை துருத்திட்டு நிக்கும், அந்தப் பாறை மேல செங்குத்தா ஒரு பெட்டியை நிறுத்தி வச்ச மாதிரி ஒத்தை டவர். பக்கத்துல மரம் கிடையாது, வீடு கிடையாது. கீழ ஒரு சின்ன குட்டை. சுமார் 20 மீட்டர் உயரம், அடில 12-க்கு 10 மீட்டர் வாக்குல, சுவர் 2 மீட்டருக்கு மேல கனம். அங்கயே கிடைக்கற கருங்கல்லை உடைச்சு உடைச்சு சேத்து கட்டிட்டு, மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் மட்டும் செதுக்கின செம்மணற்கல் வச்சிருக்காங்க. கருங்கல்லு நேரா செதுக்க வராது, அதான் காரணம், அழகுக்காக பண்ணது இல்ல, ஆனா பாக்க அழகாத்தான் இருக்கு.

கட்டினது பிரிங்கிள் குடும்பம். 15-ஆம் நூற்றாண்டுன்னு ஒரு கட்சி, இல்ல 16 ஆரம்பம்னு ஒரு கட்சி, அந்த சண்டைக்குள்ள நான் போகல. பிரிங்கிள்ங்க பெரிய பிரபு எல்லாம் இல்ல. டக்ளஸ்னு அந்த காலத்துல ராஜாவையே மிரட்டற அளவுக்கு வளந்த ஒரு குடும்பம் இருந்துச்சு, அவங்ககிட்ட வேலை பாத்தவங்க. 1455-ல டக்ளஸ் குடும்பம் சரிஞ்சப்புறமும் இவங்க சாமர்த்தியமா நிலத்தோட நின்னுட்டாங்க. சொத்துன்னா ஆடு, மாடு, மேய்ச்சல் நிலம். நம்ம ஊர் பாஷைல சொன்னா வசதியான பண்ணை வீடு, அவ்வளவுதான். கோட்டைன்னு நினைச்சு போனீங்கன்னா ஏமாந்துருவீங்க.

உள்ள எப்படின்னு பாப்போம். தரை மட்டத்துல ஒரே ஒரு வாசல். நுழைஞ்சா கல்லால வளைச்சு கட்டின இருட்டு அறை, ஸ்டோர் ரூம். வாசல் பக்கத்துலயே மூலைல சுவத்துக்குள்ள குடைஞ்ச சுழல் படிக்கட்டு. அதுல ஏறினா ஹால், பெரிய அடுப்பு, ஜன்னல் ஓரமா கல்லுலயே செஞ்ச உக்காரும் இடம். சாப்பாடு, பஞ்சாயத்து, விருந்தாளி எல்லாம் இங்க. அதுக்கு மேல வீட்டுக்காரரோட ரூம். சுவத்துக்குள்ளயே கக்கூஸ். எல்லாத்துக்கும் மேல இன்னொரு மாடி, அதுக்கும் கல் வளைவு கூரை. மேலயும் கல்லு கீழயும் கல்லு, நடுவுல மட்டும் மரத் தளம். இந்த டிசைனுக்கு அர்த்தம் ஒன்னுதான், தீ. கீழ தீ வச்சாலும் ஏறாது, மேல கொள்ளி எறிஞ்சாலும் புடிக்காது. ஓலை வேஞ்ச குடிசைங்க நடுவுல இப்படி எரியாத வீடு ஒன்னு வச்சிருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க.

சுழல் படிக்கட்டுன்ன உடனே யாராவது ஒருத்தர் வந்து, அது வலப்பக்கமா சுத்துறதே மேல நிக்கறவன் வலது கையால கத்தி வீசறதுக்குத்தான்னு சொல்லுவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்து ஆளுங்க யாரும் அப்படி எழுதி வைக்கல, கத்திச்சண்டை மேல பைத்தியமா இருந்த ஒரு ஆங்கிலேயர் 1902 வாக்குல கிளப்பி விட்ட கதை அது. இடப்பக்கம் சுத்தற படிக்கட்டும் நிறைய இருக்கு. அதோட எதிரி படிக்கட்டு வரைக்கும் வந்துட்டான்னா கத்தி எந்தப் பக்கம் வீசினா என்ன, கதை முடிஞ்சுது.

எனக்கு இந்த டவர்ல புடிச்ச இடம் உச்சி. கூரை ஓரமா நடைபாதை இருக்கு. வடக்குப் பக்க நடைபாதைல, புகைக்கூண்டு மேல ஏறி வர்ற இடத்துல, அதை ஒட்டி ஒரு கல் சீட். காவல்காரன் உக்கார்றதுக்கு. பக்கத்துல சுவத்துல ஒரு மாடம், லாந்தர் வைக்கறதுக்கு. நம்ம வீட்டு விளக்கு மாடம் சைஸ்ல நினைச்சுக்கோங்க. குளிர்காலத்து ராத்திரி, ஸ்காட்லாந்து காத்து, கீழ ஹால்ல எரியற அடுப்போட சூடு அந்தப் புகைக்கூண்டு வழியா ஏறி அவன் முதுகுக்கு வரும். யாரோ ஒரு கொத்தனாரு, இல்ல பிரிங்கிளே, ராத்திரி முழுக்க முழிச்சு இருக்கப் போறவனை நினைச்சு அந்த சீட்டை அங்க வச்சிருக்கான். இல்ல, குளிர்ல அவன் எறங்கி ஓடிட்டா நம்ம உசிரு போகும்னு சுயநலமா யோசிச்சும் வச்சிருக்கலாம். எப்படியோ, மொத்த டவர்லயும் இதுதான் முக்கியமான ஆயுதம்னு நான் சொல்லுவேன், அந்த நாற்காலி.

ஏன்னா அவன் வேலை சண்டை போடறது இல்ல, பாக்கறது. பாத்தா நெருப்பு வைக்கணும். 1455-ல ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் இதுக்குன்னே சட்டம் போட்டுச்சு: ஒரு தீ எரிஞ்சா இங்கிலாந்துக்காரன் வர்றதா தகவல், ரெண்டு தீ எரிஞ்சா நிச்சயமா வந்துட்டிருக்கான், நாலு தீ பக்கத்து பக்கத்துல எரிஞ்சா பெரும்படை. இந்த மேட்டுல எரியறதை அடுத்த மேட்டுக்காரன் பாப்பான், அவன் எரிப்பான், அப்படியே போகும். வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் ஆகற மாதிரிதான், ஆனா இதுல பொய் ஃபார்வர்ட் விட்டா உதை விழும்.

இப்போ மெயின் விஷயம். டவர் எவ்வளவு நேரம் தாங்கணும்? மாசக்கணக்குல முற்றுகையா? இல்லவே இல்ல. பீரங்கியோட படை வந்தா டவர் சீக்கிரமே தரைமட்டம், அது எல்லாருக்கும் தெரியும். சில பேரு படை வருதுன்னு தெரிஞ்சா டவரை காலி பண்ணிட்டு, உள்ள புகையற கரி மண்ணை, அதாவது அங்க அடுப்பெரிக்கற பீட்டை, நிரப்பி வச்சுட்டு ஓடிருவாங்க. நாள் கணக்குல கனன்னுட்டே இருக்கும், எவனும் உள்ள போய் வெடிமருந்து வச்சு இடிக்க முடியாது. வீட்டைக் காப்பாத்த வீட்டுக்குள்ளயே தீ வைக்கற டெக்னிக், எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. டவர் கட்டினது படைக்காக இல்ல, முப்பது நாப்பது பேரா குதிரைல வர்ற கொள்ளைக்காரனுக்காக. அவன்கிட்ட பீரங்கி கிடையாது, டைமும் கிடையாது, விடியறதுக்குள்ள பார்டர் தாண்டணும்.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு, ஸ்மெயில்ஹோம்ல நடந்தது இல்ல, இங்கிலாந்து பக்கம் கார்லைலுக்கு அஞ்சு மைல்ல நடந்தது. 1590-கள். ராபர்ட் கேரின்னு ஒரு அதிகாரி, பின்னாடி தன் நினைவுக் குறிப்புல எழுதி வச்சிருக்காரு. ஸ்காட்லாந்துல ஒரு பாதிரியாரைக் கொன்னுட்டு ரெண்டு பேரு ஓடி வந்து ஒரு கிரஹாம் வீட்டு டவர்ல ஒளிஞ்சுக்கறாங்க. கேரி ஒரு இருபத்தஞ்சு குதிரைக்காரங்களோட விடியக்காலைல போய் சுத்தி வளைக்கறாரு. அந்த நேரம் ஒரு பையன் அந்த வீட்ல இருந்து குதிரைல பறந்து போறான். கூட இருந்த கார்ல்டன்னு ஒரு அனுபவஸ்தர் சொல்றாரு, அந்தப் பையன் அரை மணி நேரத்துல ஸ்காட்லாந்துல இருப்பான், நீங்க இங்க எத்தனை பேரு இருக்கீங்கன்னு சொல்லிருவான்னு. உடனே கேரியும் அக்கம்பக்கத்துக்கு ஆள் விடறாரு, முன்னூறு நானூறு குதிரைக்காரங்களும், அப்புறம் கார்லைல்ல இருந்து முன்னூறு நானூறு காலாட்களும் வந்து சேந்தாங்க. டவர் கதவை உடைக்க அவரு முயற்சியே பண்ணல. ஆளுங்களை மேல ஏத்தி கூரையைப் பிரிக்க சொல்றாரு, பிரிச்சதும் இருபது பேரு மொத்தமா உள்ள குதிக்கணும்னு ப்ளான். உள்ள இருந்தவங்க அதைப் பாத்ததும் சரண்டர் ஆயிட்டாங்க, இரும்புக் கதவைத் திறந்தாங்க. திறந்ததும் திறக்காததுமா தூரத்துல நானூறு குதிரைங்க இவங்களை மீட்க வர்றது தெரியுது.

சும்மா கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரம் டவர் தாங்கியிருந்தா ஆட்டமே மாறியிருக்கும். பார்டர் டவரோட மொத்த வேலையும் இதுக்குள்ள அடங்கிருச்சு. அது ஒரு பூட்டு. பூட்டு திருடனை ஜெயிக்காது, ஊரு முழிச்சுக்கற வரைக்கும் அவனை வாசல்ல நிக்க வைக்கும். ஒரு ராத்திரி, சில சமயம் ஒரு மணி நேரம். ஸ்மெயில்ஹோம் மாதிரி மேல கல் வளைவு போட்ட டவர்ல அந்தக் கூரை பிரிக்கற வேலையும் லேசுல நடக்காது. அங்க வாசல்ல ஈர வைக்கோலைக் குமிச்சு புகை போட்டு உள்ள இருக்கறவங்களை மூச்சு முட்ட வைக்கறதுதான் வழி, அதுவும் அப்போ சகஜம்.

அந்த இரும்புக் கதவு பத்தியும் சொல்லணும். யெட்டுன்னு பேரு. நம்ம கிரில் கேட்டுதான், ஆனா கம்பிங்களை மேல மேல வச்சு அடிக்காம, ஒரு பாதில நிமிந்த கம்பி படுத்த கம்பிக்குள்ள நுழையும், அடுத்த பாதில படுத்தது நிமிந்ததுக்குள்ள நுழையும், பாய் முடையற மாதிரி. அதனால முழுசா பிரிக்கவே முடியாது, ஒரு கம்பியைப் பிடுங்கணும்னா எல்லாத்தையும் பிடுங்கணும். மரக் கதவு எரிஞ்சு போனாலும் பின்னாடி இது நிக்கும். கொல்லன் எவ்வளவு மெனக்கெட்டிருப்பான்!

சரி, ஆளுக்கு பூட்டு இருக்கு. மாட்டுக்கு?

மாட்டுக்கு இருந்தது பார்ம்கின், டவரை ஒட்டி மதில் போட்ட முற்றம். ஸ்மெயில்ஹோம்லயும் பாறை விளிம்பைச் சுத்தி மதில் இருந்துச்சு, இன்னைக்கும் மிச்சம் நிக்குது. 1535-ல ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் போட்ட சட்டம் ஒன்னு இருக்கு, எனக்கு இந்தக் கேஸே அதுலதான் திறந்துச்சு. பார்டர்ல 100 பவுண்டு மதிப்பு நிலம் வச்சிருக்கற எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள கல்லும் சுண்ணாம்பும் வச்சு ஒரு பார்ம்கின் கட்டணும், பக்கத்துக்கு 60 அடி சதுரம், 1 எல் கனம், 6 எல் உயரம். ஸ்காட்டிஷ் எல்னா 37 இன்ச், அப்போ மதில் பதினெட்டு அடிக்கு மேல. எதுக்கு? ஆபத்து காலத்துல அவரும் அவர் குடியானவங்களும் அவங்க பொருளும் உள்ள வந்து ஒதுங்கறதுக்கு. டவர்? அது தேவைன்னு அவருக்குத் தோணினா உள்ள கட்டிக்கலாம். ஆமா, மாட்டு மதில் கட்டாயம், டவர் விருப்பம்! கெவர்மெண்டுக்கு தெரிஞ்சிருக்கு எது முக்கியம்னு. (அயர்லாந்துல இதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1429-ல, டப்ளின் சுத்து வட்டார நாலு கவுண்டில வேற ரூட் எடுத்தாங்க. 20 அடி நீளம் 16 அடி அகலம் 40 அடி உயரத்துக்கு டவர் கட்டினா 10 பவுண்டு மானியம். கேஷ் கொடுத்தா ஜனங்க கட்டறாங்க, உத்தரவு போட்டா யோசிக்கறாங்க, இது எல்லா ஊருக்கும் பொது.)

ஆனா கணக்கு போட்டு பாருங்க. 60-க்கு 60, 3,600 சதுர அடி, அதாவது ஒன்றரை கிரவுண்டு. ஒரு மாட்டுக்கு 25 சதுர அடின்னு நெருக்கி அடைச்சாலும் 144 மாடு. அதுல குடியானவங்களும் அவங்க சட்டி பானையும் வேற வரணும். செம்மறி? விட்டுருங்க. ஸ்மெயில்ஹோம் முற்றத்துல தொல்லியல்காரங்க தோண்டினப்போ அங்க வெறும் இடமே இல்ல, தனி ஹாலும் ரூமும் அடுப்படியும் கட்டி வச்சிருந்திருக்காங்க. மாட்டுக்குன்னு ஒதுக்கின இடம் சுருங்கிட்டே வந்து மனுசன் வீடு ஆயிருச்சு. எங்க தாத்தா வீட்லயும் இதே கதைதான், முன்வாசலுக்கு ரெண்டு தாழ்ப்பாள் ஒரு பெரிய பூட்டு, பின்னாடி கொட்டாய்க்கு ஒரு மூங்கில் படல், அந்த வீட்ல இருந்த ஒரே பெரிய சொத்து அந்தக் கொட்டாய்லதான் கட்டியிருந்துச்சு.

மேய்ச்சல் நிலம் மைல் கணக்குல பரந்து கிடக்கு, மாடு அங்கங்க நிக்குது. ரெய்டு வர்ற சீசன் எதுன்னா அறுப்பு முடிஞ்சு வர்ற ராத்திரி நீளமான மாசங்கள், மாடு கோடை முழுக்க மேஞ்சு கொழுத்து நடக்கத் தெம்போட இருக்கும், குதிரைக்கு தரை இன்னும் கெட்டியா இருக்கும். காவல்காரன் நெருப்பை ஏத்தி, ஜனங்க அரக்கப்பரக்க எழுந்து, பிள்ளை குட்டியோட டவருக்கு ஓடி வந்து கதவை சாத்தறதுக்கே நேரம் சரியா இருக்கும். மாட்டை யாரு திரட்டறது? திரட்டறது வந்தவன்தான், அதுவும் அவன் தொழில்ல கில்லாடி.

அப்புறம் காலைல என்ன பண்ணுவாங்கன்னா துரத்துவாங்க. இதுக்கு பார்டர் சட்டத்துலயே இடம் இருந்துச்சு, ஹாட் ட்ராட்னு பேரு. மாடு பறிகொடுத்தவன் ஆறு நாளைக்குள்ள, மோப்ப நாய், ஊதுகொம்போட, ஈட்டி முனைல எரியற கரி மண்ணைக் குத்திக்கிட்டு பார்டரைத் தாண்டியே துரத்தலாம், அது அத்துமீறல் ஆகாது. வழில பாக்கறவன் கூட சேந்துக்கணும், இல்லன்னா அவனும் திருடனுக்கு கூட்டுன்னு அர்த்தம். வெட்சி, கரந்தை படிச்ச நமக்கு இது அப்படியே புரியும், ஆநிரை கவர்ந்தா ஆநிரை மீட்பு. ஆனா ஒரு வித்தியாசம். நம்ம இலக்கணத்துல வெட்சி போர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பண்ற காரியம். இங்க அதுக்கப்புறம் எதுவும் ஆரம்பிக்கல, அதுவேதான் வாழ்க்கை, முன்னூறு வருஷமா.

பிரிங்கிளுக்கு என்ன ஆச்சு? 1513 செப்டம்பர் 9, ஃப்ளாடன் போர், ஸ்காட்லாந்து ராஜா நாலாம் ஜேம்ஸே களத்துல செத்தாரு, பிரிங்கிள் வீட்டு ஆளுங்களும் போனாங்க. முப்பது வருஷம் கழிச்சு எட்டாம் ஹென்றி தன் பையனுக்கு ஸ்காட்லாந்தோட குழந்தை ராணி மேரியைக் கட்டி வைக்கணும்னு நின்னாரு, அவங்க மாட்டேன்னாங்க, அதுக்கு பழி தீர்க்கத்தான் 1544-ல நாம மேல பாத்த அந்த சிட்டை. அடுத்த வருஷம் கெல்சோ, மெல்ரோஸ், ட்ரைபர்க், ஜெட்பர்க், நாலு மடத்தையும் எரிச்சாங்க. ஸ்மெயில்ஹோம் இது எல்லாத்துக்கும் நடுவுல இருக்கு. இங்கிலாந்து பக்கம் டைன்டேல், ரெட்ஸ்டேல் பள்ளத்தாக்குல இருந்து கிளம்பின ரெய்டுங்க இங்கயும் வந்துச்சு, ஒரு தடவை இல்ல. மாடும் குதிரையும் போச்சு. டவர் விழல. சுவர் அப்படியே நிக்குது, இன்னைக்கும் நிக்குது.

அப்புறம் பிரிங்கிள் என்ன பண்ணாருன்னா, அந்த 1540-கள் முடியறதுக்குள்ள இங்கிலாந்துக்காரங்ககிட்டயே டீல் பேசிட்டாரு. நான் உங்க பக்கம் ரெய்டு வரமாட்டேன், நீங்க என்னை விட்ருங்க. கவனிங்க, 'வரமாட்டேன்'னு சொல்றாருன்னா இதுவரை அவரும் போயிட்டு இருந்தாருன்னுதானே அர்த்தம். இதுல யாரும் பாவம் இல்ல. ராஜா பார்வைல துரோகம், பிரிங்கிள் பார்வைல வேற வழி? ரெண்டு மீட்டர் சுவரால முடியாத வேலையை ஒரு பேச்சு முடிச்சு வச்சது. மத்த ஊர்ல இதுவே வருஷா வருஷம் கொடுக்கற மாமூலா இருந்துச்சு, பலசாலியான ஒரு ரீவர் குடும்பத்துக்கு, ரீவர்னா இந்த ரெய்டு போற ஆளுங்க, பணமோ தானியமோ அளந்துட்டா அவன் திருட மாட்டான், மத்தவன் திருடாம பாத்துக்குவான். மெயில்னா அங்க குத்தகை, வாடகைன்னு அர்த்தம், தபால் இல்ல. கறுப்பு வாடகை. பிளாக்மெயில்ங்கற வார்த்தை இந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதான்.

டவர்ல இடம் இல்லாத ஜனங்களைப் பத்தி ஒரு வார்த்தை. அவங்க குடிசை எரிஞ்சா அதைப் பத்தி அலட்டிக்கவே மாட்டாங்கன்னு 1578-ல ஜான் லெஸ்லின்னு ஒரு பிஷப் எழுதியிருக்காரு. கொஞ்சம் வசதி இருந்தா எரியாத மண் சுவர்ல பீல்னு சின்ன டவர் மாதிரி ஒன்னு கட்டிக்குவாங்க. இங்கிலாந்து பக்கம் நடுத்தர விவசாயிங்க கொஞ்சம் பிந்தி வேற ஐடியா புடிச்சாங்க, பாஸ்டில் வீடு: கல் சுவர், கீழ் தளம் முழுக்க மாடு, மேல் தளத்துல குடும்பம், மேல ஏற ஏணி, ராத்திரி ஏணியை இழுத்துக்கலாம். பாக்க அசிங்கமான வீடு. ஆனா என்னைக் கேட்டா டவரை விட இதுதான் புத்திசாலித்தனம், எது திருடு போகுதோ அதை வீட்டுக்குள்ளயே வச்சுட்டாங்கல்ல. மாடு போட்ட சூடும் நாத்தமும் பலகை இடுக்கு வழியா மேல வரும், அதோட தூங்கணும். பிரிங்கிள் மாதிரி ஆளுங்க அப்படி இருக்க ஒத்துக்குவாங்களா? மாட்டாங்க. அவங்களுக்கு ஜன்னல் ஓர சீட்டு வேணும், ஹால் வேணும், தூரத்துல வர்றவன் பாத்ததும் இது யாரு வீடுன்னு தெரியணும். டவர்ல பாதி பாதுகாப்பு, பாதி கெத்து.

இந்த கதை முடிஞ்சது சுவரால இல்ல. 1603-ல இங்கிலாந்து ராணி எலிசபெத் செத்து, ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் ராஜா ஆனாரு. ரெண்டு பக்கமும் ஒரே முதலாளின்னா பார்டர் தாண்டி ஓடி ஒளியற வேலைக்கே அர்த்தம் போச்சு. பார்டர்ங்கற பேரே வேணாம், இனிமே இது நடு மாவட்டம்னு சொல்லிட்டாரு. கமிஷன் போட்டாங்க, தூக்குல போட்டாங்க, நிறைய பேரை விசாரணை ஒழுங்கா நடத்தாமலே. கிரஹாம் குடும்பத்துல பல பேரை அயர்லாந்துக்கு கப்பல் ஏத்தி விட்டாங்க. அமைதி வந்துச்சு, வந்த விதம் ஒன்னும் பெருமைப்படற மாதிரி இல்ல.

1606-ல ஸ்காட்லாந்து அரசு சபை ஒரு உத்தரவு போட்டுச்சு. பார்டர்ல பெரிய பிரபுக்கள் வீடு தவிர மத்த வீட்டு இரும்பு யெட்டு எல்லாத்தையும் கழட்டணும், கழட்டி கலப்பைக் கொழு அடிச்சுக்கணும். பாய் முடைஞ்ச மாதிரி பிரிக்க முடியாம செஞ்ச அதே கதவை இப்போ அதே கொல்லன் வகையறா உலைல போட்டு பிரிச்சிருப்பான், எவ்வளவு திட்டியிருப்பானோ. கொள்ளைக்காரன் டவருக்குள்ள பூட்டிக்கிட்டா அதிகாரி பிடிக்க முடியலங்கறதுதான் நிஜ காரணம், நம்ம கேரி பட்ட பாடு தெரியும்ல.

ஸ்மெயில்ஹோம் பிரிங்கிள்ங்க கையை விட்டு 1645-ல ஹார்டன்ங்கற இடத்து ஸ்காட் குடும்பத்துக்குப் போச்சு. அவங்க முற்றத்துல பழைய ஹால் இருந்த இடத்துல சாதாரணமா ஒரு வீடு கட்டிக்கிட்டாங்க. எதுக்கு தினம் அந்த சுழல் படிக்கட்டு ஏறி எறங்கணும்? அப்புறம் அதுவும் வேணாம்னு 1700-கள்ல பாறைக்கு கீழ சாண்டிநோ பண்ணை வீடு, டவர்ல ஆள் இல்லாம கூரைல புல்லு மொளைச்சுது. 1950-ல அரசாங்க பராமரிப்புக்கு வந்து இப்போ டிக்கெட் வாங்கிட்டு ஏறிப் பாக்கலாம்.

அந்தப் பண்ணை வீட்டுக்கு 1770-கள் ஆரம்பத்துல எடின்பரோல இருந்து ஒரு குழந்தையைக் கொண்டு வந்து விட்டாங்க. ஒன்றரை வயசுல போலியோ வந்து வலது கால் விளங்காம போன பையன், பண்ணைல இருந்தது அவன் தாத்தா. பேரு வால்டர் ஸ்காட், பின்னாடி நாவல் எழுதி உலகப் புகழ் ஆனவரு. சொந்தக்காரங்களுக்கு என்ன வைத்தியம் பண்றதுன்னு தெரியல, நல்ல காத்து படட்டும்னு வெளிய விட்டாங்க. அத்தையும் பாட்டியும் பழைய ரெய்டு கதை, பாட்டு எல்லாம் சொல்லுவாங்களாம். பெரியவனானப்புறம் டவர் பாழாப் போறதைப் பாத்துட்டு அப்போ அதை வச்சிருந்த சொந்தக்காரர்கிட்ட இடிய விட்றாதீங்கன்னு கேட்டதாவும், பதிலுக்கு இந்த டவரை வச்சே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்ததாவும் சொல்லுவாங்க.

அது பெரியவன் கதை. சின்னதுல அவனைப் பாத்துக்கிட்டது அந்தப் பண்ணையோட மாட்டுக்காரர். தினமும் பையனை முதுகுல தூக்கிட்டு டவர் நிக்கற அந்தப் பாறைங்களுக்குப் போய், மாடும் ஆடும் மேயற இடத்துல புல்லு மேல உக்கார வச்சிருவாரு. பையன் அங்கயே கிடப்பான், ஒவ்வொரு ஆட்டையும் தலை அடையாளம் வச்சே சொல்லுவானாம். காவல்காரன் இங்கிலாந்துக்காரன் வர்றானான்னு கண்ணு பூக்க பாத்துட்டு இருந்த அதே பாறை. பையனுக்கு வீட்டுக்குப் போகணும் போல இருந்தா மாட்டுக்காரர் விசில்ல ஒரு தனி ராகம் ஊதுவாரு, கீழ பண்ணை வீட்ல வேலைக்காரப் பொண்ணுக்கு அது கேக்கும், ஏறி வந்து தூக்கிட்டுப் போகும்.